தானே பெருகும் எம்ஆர்என்ஏ தடுப்பூசி பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

செந்தூல் வாணி:
ஜப்பானில் வந்திருக்கும் புது கோவிட் ஊசி உடம்புக்குள் போய்த் தானே பெருகுமாம், போட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே நமக்கும் வந்துவிடுமாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்பியது. அதைப் படித்ததிலிருந்து அம்மா வருஷா வருஷம் போடும் ஃப்ளூ ஊசிக்கே கிளினிக் பக்கம் வரமாட்டேன் என்கிறார். பெருகுவது உண்மையா? உண்மை என்றால் எது அதை நிறுத்துகிறது?

பாயான் லெப்பாஸ் குமரன்:
பெருகுவது உண்மை, ஒட்டிக்கொள்வது பொய். எம்ஆர்என்ஏ என்பது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் ஆர்என்ஏ இழை. சாதாரண எம்ஆர்என்ஏ கோவிட் ஊசியில், அந்த வைரஸின் மேலே முள் போல நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கான செய்முறை மட்டும் இருக்கும். இதில் ஆல்ஃபாவைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த நான்கு புரதங்களின் செய்முறையும் சேர்ந்திருக்கும், அந்த நான்கும் கூடித்தான் செல்லுக்குள் ஆர்என்ஏவை நகலெடுக்கின்றன. (நமக்குத் தெரிந்த சிக்குன்குனியாவும் ஆல்ஃபாவைரஸ்தான், ஆனால் பெரும்பாலும் எடுப்பது வெனிசுவேலாவில் குதிரைகளைத் தாக்கும் வைரஸிலிருந்து.) வைரஸின் மேலோட்டைக் கட்டும் மரபணுக்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில்தான் ஸ்பைக்கை வைக்கிறார்கள். ஓடு இல்லாததால் புது வைரஸ் உருவாக வழியே இல்லை. அந்தச் செல்லும் கொஞ்ச நாளில் அழிந்துவிடும்.

பட்டர்வொர்த் அண்ணன்:
அப்படியென்றால் இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு தம்பி? பழைய ஊசியே வேலை செய்ததே.

பாயான் லெப்பாஸ் குமரன்:
அளவுக்காக அண்ணே. ஃபைசர் ஊசியில் 30 மைக்ரோகிராம், 2023 நவம்பரில் ஜப்பான் அனுமதித்த ஏஆர்சிடி-154 ஊசியில் 5 தான். வியட்நாமில் பெரிய அளவில் சோதித்த ஊசி அது. ஒரே அளவு மூலப்பொருளில் எத்தனை மடங்கு பேருக்குப் போடலாம் என்று பாருங்கள், தொற்று பரவும் நேரத்தில் வரிசையில் கடைசியாக நிற்கும் நாடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

லேப் மீனா:
தயாரிப்பதுதான் பாடு. சாதாரண ஸ்பைக் எம்ஆர்என்ஏ சுமார் 4,000 எழுத்து (ஆர்என்ஏ இழையின் அடிப்படைத் துண்டு) நீளம், இது 10,000-க்கும் மேல். நடுவில் ஒரே ஓர் இடத்தில் அறுந்தாலும் அந்த இழை பெருகாது, அதனால் சுத்திகரிப்பில் ரொம்பக் கவனம் வேண்டும். அப்புறம், நகலெடுக்கும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்என்ஏவைப் பார்த்ததும் செல் வைரஸ் வந்துவிட்டது என்று இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து புரத உற்பத்தியையே குறைத்துவிடும். விஞ்ஞானிகள் கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023-இல் நோபல் வாங்கித் தந்த, ஆர்என்ஏ எழுத்தைச் சற்றே மாற்றி செல்லின் இந்த எச்சரிக்கையைத் தவிர்க்கும் உத்தியை இங்கே அப்படியே போட முடியாது, நகலெடுக்கும் நொதி தடுமாறும்.

வாணி, அம்மா வழக்கமாகப் போடும் ஃப்ளூ ஊசி பெரும்பாலும் முட்டையில் வளர்த்துச் செயலிழக்க வைத்த வைரஸ். அதில் பெருக எதுவுமே இல்லை. தைரியமாக அழைத்துப் போங்கள்.