டீ கொட்டிய மெக்கானிக்கல் கீபோர்டு: 'எச்' விசை உள்ளேயே நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். வீட்டிலிருந்தே தமிழ்த் தட்டச்சு வேலை செய்கிறேன், தமிழ்99 முறையில். போன வாரம் கீபோர்டின் நடுவில் அரை டம்ளர் டீ கொட்டிவிட்டது. உடனே யூஎஸ்பியைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்து இரண்டு நாள் காயவிட்டேன். மற்றதெல்லாம் வேலை செய்கிறது, 'எச்' மட்டும் அழுத்தினால் உள்ளேயே நின்று மெதுவாகத்தான் மேலே வருகிறது. தமிழ்99-இல் 'க' அதில்தான் இருக்கிறது, ஒரு வரிகூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை. விசைக்கு அடியில் இருப்பது நீல நிற, 'க்ளிக்' சத்தம் வரும் சுவிட்ச். கையால் கழற்றி மாட்டும் வகை இல்லை, போர்டில் சால்டர் செய்தது. டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அடிக்கலாமா?

பதில் 1:
அடிக்காதீர்கள். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அப்புறம் தூசியெல்லாம் அதில் சேரும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், சானிடைசர் எதுவும் வேண்டாம். சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அதுவே பிசுபிசுக்கும்.

முதலில் கீகேப்பை, அதாவது விசையின் மேல் மூடியை, நேராக மேலே இழுத்துக் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும் சிலுவை வடிவத் தண்டைப் பேனா முனையால் அழுத்திப் பாருங்கள். தண்டு சட்டென்று திரும்பினால் கோளாறு கேப்பில்தான். தண்டே தயங்கினால் சுவிட்சுக்குள் டீ போயிருக்கிறது. மொபைல் உதிரிபாகக் கடையில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், ஐபிஏ என்று கேளுங்கள். தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியில்லாத சிரிஞ்சால் 3 சொட்டு விட்டு, 50 தடவை அழுத்தி விடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. தண்டுதான் தயங்குகிறது. ஐபிஏ இரண்டு தடவை விட்டேன். விட்டவுடன் நன்றாக இருக்கிறது, காலையில் பார்த்தால் மறுபடி பழையபடி ஒட்டுகிறது.

பதில் 2:
ஒட்டத்தான் செய்யும். டீயில் இருக்கும் சர்க்கரை தண்ணீரில் கரையும், சுத்தமான ஐபிஏவில் கரையாது. ஈரமாக இருக்கும்வரை வழுக்கும், ஐபிஏ பறந்ததும் சர்க்கரை அங்கேயேதான் கிடக்கும். நீல சுவிட்சில் இன்னொரு தொல்லையும் உண்டு. தண்டு ஒரே துண்டு இல்லை, அதைச் சுற்றித் தனியாக நகரும் ஒரு வெள்ளைத் துண்டுதான் அந்த 'க்ளிக்' சத்தத்தைத் தருகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் பாகு போய் உட்கார்ந்தால் சத்தமும் மங்கும், விசையும் மேலே வராது.

அதனால் முதலில் தண்ணீர், பிறகுதான் ஐபிஏ. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும், ஆசிட் பாட்டிலைத் தவறி எடுத்துவிடாதீர்கள். வெதுவெதுப்பாக்கி 3, 4 சொட்டு விட்டு நன்றாக அழுத்தி விடுங்கள். கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து அழுத்தினால் பழுப்பு நீர் வரும், அதைத் துணியில் ஒற்றி எடுங்கள். அது தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, கடைசியில் ஐபிஏ விட்டால் மிச்சமிருக்கும் ஈரம் சீக்கிரம் காயும். முழுக்கக் காய ஒரு நாள் விடுங்கள், அதுவரை யூஎஸ்பியில் மாட்டவே கூடாது. இதில் அவசரப்பட்டு ஒரு போர்டையே இழந்திருக்கிறேன்.

பதில் 3:
அதிலும் சரியாகாவிட்டால் புது சுவிட்ச் தேடி அலைய வேண்டாம். ஸ்க்ரோல் லாக் விசையை யாரும் தொடுவதில்லை, அதன் சுவிட்சைக் கழற்றி 'எச்' இடத்தில் வைத்துவிடலாம். சுவிட்சுக்கு 2 கால், விளக்கு இருந்தால் அதற்குத் தனியாக 2 கால். ஈயத்தை நன்றாக உருக்கி பம்பால் உறிஞ்சிய பிறகு, மேலும் கீழும் உள்ள கொக்கிகளை அழுத்திக்கொண்டு இழுத்தால் வரும். வராவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், போர்டில் செப்புத் தடம் பிய்ந்துவிடும். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் தெருமுனை மொபைல் ரிப்பேர் கடையில் கொடுங்கள், பத்து நிமிட வேலை.

கேட்டவர்:
தண்ணீரே போதுமானதாக இருந்தது! நாலாவது தடவைதான் தெளிந்த நீர் வந்தது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு இன்று காலை மாட்டினேன், 'க்ளிக்' சத்தமும் பழையபடி வந்துவிட்டது. பக்கத்தில் 'ஜி' லேசாகத் தயங்குகிறது, இன்று இரவு அதற்கும் இதையே செய்யப் போகிறேன். மூவருக்கும் மிக்க நன்றி.