‘ஜி’: பலியா, படையலா, வேள்வியா?

வணக்கம். கன்பூசியஸின் உரைகளைத் தொகுத்த லுன்யூ என்ற நூலில் சடங்கு பற்றிய பகுதிகளை மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும், ‘ஜி’ என்ற ஒரே சொல்லில் நாலு நாளாக நிற்கிறேன். அதன் சீன எழுத்தைப் பிரித்தால் இறைச்சி, அதைப் பிடித்த கை, கீழே பலிபீடம். (பீடத்தைச் சொல்லவே பலி வேண்டியிருக்கிறது, பாருங்கள்.) ஆனால் முன்னோருக்குச் சோறும் மதுவும் வைப்பதும் ஜிதான். முன்னோர் எதிரிலேயே இருப்பதுபோல கன்பூசியஸ் ஜி செய்தார் என்று ஒரு வரி. ‘முன்னோருக்குப் பலி கொடுத்தார்’ என்று எழுதினால் பிள்ளைகள் அரிவாளைத்தான் நினைப்பார்கள். ‘படையல்’ போதாதா?

—

பலிக்கு ஏன் இந்தப் பயம்? திருமுருகாற்றுப்படையின் ‘சில்பலி’ குருதி கலந்த வெள்ளரிசிதானே. வடசொல் என்று கூச்சமானால் வேள்வி இருக்கிறது, ‘வேள்’ என்றால் விருப்பம், அதிலிருந்து வேட்டல், வேட்கை, வேளாண்மை வரை போகலாம்.

—

போகலாம் ஐயா, திங்கட்கிழமைக்குள் திரும்பி வர முடியாது! வேள்வி என்றதும் ‘அவிசொரிந்து ஆயிரம் வேட்டலின்’ என்று தீயும் நெய்யும் முன்னால் வந்துவிடும்.

—

தீ சீனத்திலும் உண்டு. பெய்ஜிங் வானக் கோயிலில் பேரரசர் செய்த சடங்கில் கன்றை எரித்தார்கள். மரபுப்படி வானத்துக்கு ஸி, மண்ணுக்கு ஜி, முன்னோருக்கு ஷியாங். மூன்றுக்கும் ஒரே படையலா?

—

லுன்யூவே முன்னோருக்கு ஜி என்கிறதே, அப்புறம் எங்கே அந்தப் பிரிவினை? இன்னொன்று, இது வழிபாடா வெறும் மரியாதையா என்று கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் சண்டை போட்டது. 1742-இல் போப் சீனச் சடங்குகளைத் தடுத்தார், இரண்டே ஆண்டில் நம் பக்கத்து மலபார்ச் சடங்குகளுக்கும் (இங்கே கிறிஸ்தவரானவர்கள் விடாமல் வைத்திருந்த உள்ளூர் வழக்கங்கள்) கட்டுப்பாடு வந்தது, சீனருக்குத் தளர்த்தியது 1939-இல்தான். ‘வழிபாடு’ என்று போட்டால் நாமே தீர்ப்பு எழுதிய மாதிரி. படையல் எந்தப் பக்கமும் சாயாது.

—

சரி, மாதப் பிறப்புச் சடங்கின் ஆட்டை நிறுத்தலாம் என்று சீடர் ஸிகோங் கேட்ட இடம்? ‘உனக்கு ஆட்டின் மேல் பிரியம், எனக்குச் சடங்கின் மேல்’ என்கிறார் குரு. படையல் ஆடு என்றால் பிரியாணி வாசம் வருகிறது.

—

அங்கே மட்டும் ‘பலியாடு’ வைக்கிறேன், தோற்றேன். மாடு, ஆடு, பன்றி மூன்றும் சேரும் ‘தைலாவ்’வுக்குப் பெரும்படையல். மற்ற இடமெல்லாம் படையல், நாலு பேர் சரி என்றுவிட்டீர்கள். மொழிபெயர்ப்பை அனுப்பப் போகிறேன்.

—

அனுப்புங்கள். நான் வேள்வி என்றே படித்துக்கொள்கிறேன்.