ஆயா வீட்டுக் கூட்டம்

வித்யா: அகில் ரிப்போர்ட் வந்துருச்சு. வைட்டமின் டி 11தான். டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் பவுடர் எழுதியிருக்காங்க. அம்மாபேட்டைல ரெண்டு மெடிக்கல்ல கேட்டாச்சு ஸ்டாக் இல்ல. அஸ்தம்பட்டி பக்கம் யாராச்சும் போறீங்களா

செல்வம் மாமா: 11ஆ

செல்வம் மாமா: சேலத்து வெயிலுக்கா 🙄

சுமதி பெரியம்மா: புள்ளைய வெளிய விட்டாத்தானே. எந்நேரமும் ஏசி ரூமு

வித்யா: பெரியம்மா அவனுக்கு க்ரோன்ஸ், குடல்ல புண்ணு வர்ற நோய். நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்ரூம் ஓடறவன் எங்க போய் வெயில்ல நிப்பான்

சுமதி பெரியம்மா: நான் பொதுவா சொன்னேன்

பிரியா அக்கா: வித்யா வெயில் மட்டும் இல்லடி, சிறுகுடல்ல புண்ணு இருந்தா கொழுப்பு சரியா உறிஞ்சாது, டி கொழுப்புல கரையறது, அதோட சேந்து அதுவும் போயிரும், ஸ்டீராய்டு வேற சாப்ட்டான் இல்ல அது எலும்ப அரிக்கும், வளர்ற வயசு அதான் டாக்டர் விடமாட்டேங்கறாங்க. 20க்கு கீழன்னாலே குறைவுதான், 30க்கு மேல ஏத்தப் பாப்பாங்க. பாஸ்டன்ல 2012ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, இதே மாதிரி குடல் நோய் இருக்கற பசங்கள மூணா பிரிச்சு ஆறு வாரம் குடுத்தாங்க, வைட்டமின் டில டி2, டி3ன்னு ரெண்டு வகை, தினம் டி2 2000 யூனிட், தினம் டி3 2000, வாரம் ஒருக்கா டி2 50,000. தினசரி டி2தான் பின்தங்கிருச்சு மத்த ரெண்டும் நல்லா ஏத்துச்சு. நம்மூரு பவுடர் டி3. வெறும் வயித்துல குடுக்காத, மதியம் சாப்ட்ட ஒடனே குடு

செல்வம் மாமா: சாயந்திரம் படிக்கறேன் பாப்பா

ரமேஷ் சித்தப்பா: எதுக்கு வாரவாரம். ஒரே ஊசி 6 லட்சம் யூனிட். என் முட்டிக்கு போட்டாங்க இப்ப நடக்கறேனா இல்லையா

செல்வம் மாமா: நடக்கறீங்க. ஏற்காட்டு இடத்துல பங்கு கேக்கறதுக்கு 😂

ரமேஷ் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: நான் படிச்சுட்டேன் 😂😂

பிரியா அக்கா: சித்தப்பா உங்க முட்டிக்கு போட்டத சின்னப் பையனுக்கு போட முடியாதுங்க. அளவு மிஞ்சினா ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கிட்னில கல்லு வரைக்கும் போகும்

கார்த்தி: ஆயா கேப்பங்களி குடுக்கச் சொல்றாங்க. நான் டைப் பண்றேன் திட்டாதீங்க

பிரியா அக்கா: கேப்பைல கால்சியம் இருக்கு டி இல்ல. டி இல்லாம அந்தக் கால்சியம் உடம்புல சரியா ஒட்டாது. அப்பறம் வித்யா, அவன் குடலுக்கு அசாதயோப்ரின் மாத்திரை சாப்பிடறான்தானே, அது சாப்பிடறவங்க தோலுக்கு ஜாஸ்தி வெயில் ஒத்துக்காது, அதனால பெரியம்மா சொன்னாங்கன்னு உச்சி வெயில்ல நிறுத்திடாத

சுமதி பெரியம்மா: நான் எப்ப உச்சி வெயில்னேன்

வித்யா: சரி அக்கா. பால் ஒத்துக்கல, தண்ணில கலக்கலாமா

பிரியா அக்கா: கலக்கலாம். ஆறு வாரமா எட்டு வாரமான்னு டாக்டர கேட்டுக்கோ, முடிஞ்சதும் திரும்ப ரத்தம் பாக்கணும்

கார்த்தி: அஞ்சு ரோட்டுல நிக்கறேன். கடைல இருக்கு. நாலு பாக்கெட் வாங்கவா எட்டா

வித்யா: இரு, டாக்டர் போன எடுக்கல

செல்வம் மாமா: அங்கயே தட்டுவட செட்டு மூணு பார்சல் கார்த்தி. ஒண்ணு காரமா

வித்யா: மாமா அகில் முன்னாடி சாப்பிடாதீங்க ப்ளீஸ் அழுவான்

சுமதி பெரியம்மா: ஞாயித்துக்கெழம கோட்டை மாரியம்மனுக்கு பொங்கல் வைக்க யார் யார் வர்றீங்க. வேன் சொல்லணும்

கார்த்தி: நாலா எட்டா

ரமேஷ் சித்தப்பா: நான் வரல