முதலில் ஆன்டெனாவா, ஆம்ப்ளிஃபையரா? மலிவு எஸ்டிஆர் (கணினி மென்பொருள் வழியாக இயங்கும் ரேடியோ) வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

புதுஅலை:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஆர்820டி2 ட்யூனர் (அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் சிப்) போட்ட, கணினியின் யுஎஸ்பியில் செருகும் சாதாரண ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். கூடவே வந்த காந்த அடிக் குச்சி ஆன்டெனாவைத்தான் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். மூன்று விஷயங்களில் ஆசை: 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லி அனுப்பும் ஏடிஎஸ்-பி, 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெட்டியோர் செயற்கைக்கோளின் வானிலைப் படங்கள், அப்புறம் இரவில் சிற்றலை. நண்பர் ஒருவர் 20 டெசிபெல் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்தார். டாங்கிளுக்குப் பக்கத்தில் மாட்டியதும் வாட்டர்ஃபால் (சிக்னலின் பலத்தை நிறமாகக் காட்டும் படம்) முழுக்க வெளிச்சமானது. ஆனால் விமானங்கள் கூடவில்லை. போதாக்குறைக்கு 119 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் பாட்டு கேட்கிறது! இப்போதைக்கு ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும். நல்ல ஆன்டெனாவா, நல்ல ஆம்ப்ளிஃபையரா?

கம்பிக்காரன்:
ஆன்டெனா. இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

ஆன்டெனா பிடிக்காத சிக்னலை எந்த ஆம்ப்ளிஃபையரும் உண்டாக்கித் தராது. சிக்னலைத் தூக்கும்போது இரைச்சலையும் சேர்த்தேதான் தூக்கும். உங்கள் வாட்டர்ஃபால் வெளிச்சமானது, விமானம் கூடவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். வேறு சாட்சி எதற்கு?

முதலில் அந்தக் குச்சியை அளந்து பாருங்கள். 75ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 1090க்கு 6.9 சென்டிமீட்டர், அவ்வளவுதான். இழுத்து நீட்டும் குச்சி என்றால் அந்த அளவுக்குச் சுருக்குங்கள். அடியில் கால் அலைநீளத்துக்குக் குறையாத ஆரத்தில் தகரத் தட்டு ஒன்று வேண்டும். காந்த அடிக்கு இரும்புத் தகரம்தான் வசதி. குச்சி செங்குத்தாக நிற்கட்டும், ஏடிஎஸ்-பி செங்குத்துத் துருவமுள்ள (மேலும் கீழுமாக அதிரும்) அலை. பிறகு ஜன்னலை விட்டு வெளியே, முடிந்த அளவு உயரத்துக்குக் கொண்டு போங்கள். இதற்கெல்லாம் செலவே இல்லை. இதைச் செய்யாமல் ஆம்ப்ளிஃபையர் பேச்சை எடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

டெசிபெல்:
உயரம், அளவு, துருவம் எல்லாம் சரி. ஆனால் "இரைச்சலையும் சேர்த்தே தூக்கும்" என்பது பாதி உண்மைதான். அதைச் சொல்லிச் சொல்லியே நிறைய பேரை ஆம்ப்ளிஃபையர் பக்கமே போகவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்றிவிட்டால் கேபிள் நீளும். 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 1090 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 டெசிபெல் தின்னும். டாங்கிளின் நாய்ஸ் ஃபிகர் (கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 4 என்று வையுங்கள். மொத்தம் 10 டெசிபெல். இப்போது நாய்ஸ் ஃபிகர் 0.8, கெயின் (பெருக்கம்) 18 உள்ள எல்என்ஏவை (இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர்) ஆன்டெனாவின் காலடியில் மாட்டினால், தொடராக மாட்டிய கருவிகளின் இரைச்சலைக் கணக்கிடும் ஃப்ரிஸ் சூத்திரப்படி மொத்தம் ஏறக்குறைய 1.3க்கு இறங்குகிறது. அதே எல்என்ஏவைக் கீழே டாங்கிள் பக்கத்தில் வைத்தால் 6.9. புதுஅலை மாட்டியது கீழே. கேபிளில் தொலைந்த சிக்னல் தொலைந்ததுதான், கீழே வந்தபின் பெருக்கி என்ன பயன்? ஒரே பொருள், இடம் மாறியதால் 5 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம்.

எனவே என் பதில்: 1090க்கு மேலே மாட்டும் எல்என்ஏ.

கம்பிக்காரன்:
டெசிபெல் சார், உங்கள் கணக்கில் இருக்கும் 6 டெசிபெல் வியாதி கேபிளால் வந்தது. அதற்கு மருந்து கேபிளைக் குறைப்பது. டாங்கிளையே சின்னக் கணினியோடு மேலே ஏற்றிவிட்டால் அரை மீட்டர் கேபிள் போதும், கீழே நெட்வொர்க் வயர் மட்டும் வரும். 10 என்பது நாலே சொச்சம் ஆகிவிடும். அது முடியாதென்றால் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 போடுங்கள், 10 மீட்டரில் சுமார் 2 டெசிபெல்தான் போகும். 75 ஓம் கேபிளை 50 ஓம் கருவியில் மாட்டலாமா என்று பயப்பட வேண்டாம். அந்தப் பொருத்தக் குறைவால் போவது ஒரு இணைப்புக்கு 0.2 டெசிபெல்கூட இல்லை.

இன்னொன்று. ஏடிஎஸ்-பி நேர்கோட்டில் போகும் அலை. 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தை, 10 மீட்டர் உயர ஆன்டெனா அதிகபட்சம் 425 கிலோமீட்டர் வரை பார்க்கும். அதைத் தாண்டிப் பூமியின் வளைவு மறைத்துவிடும். எந்த எல்என்ஏ அதை நிமிர்த்தப் போகிறது?

டெசிபெல்:
அந்த 425ஐத் தொடவே எல்என்ஏ வேண்டும் என்கிறேன். 400 கிலோமீட்டரில் பாதை இழப்பு 145 டெசிபெல். விமானத்தில் ஏடிஎஸ்-பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் 125 வாட் என்றால் 51 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). சாதாரண ஆன்டெனாவில் வந்து சேர்வது -94 டிபிஎம். 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சல் -111. நாய்ஸ் ஃபிகர் 10 என்றால் சிக்னல் இரைச்சலைவிட 7 டெசிபெல்தான் மேலே நிற்கும், பாக்கெட்டுகள் நிறைய சிதையும். 1.3 என்றால் ஏறக்குறைய 16 டெசிபெல் மேலே நிற்கும். தொலைதூர விமானம் வரைபடத்தில் வந்து வந்து மறைவதற்கும் தொடர்ந்து நகர்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

டாங்கிளை மேலே ஏற்றும் யோசனை நல்லதுதான். ஆனால் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது கொதிக்கும், பக்கத்தில் கணினியின் பவர் சப்ளை இரைச்சலும் சேரும். அப்படியே ஏற்றினாலும் எல்என்ஏ இன்னும் 3 டெசிபெல் தரும். அதை ஏன் விட வேண்டும்?

வடிகட்டி:
இரண்டு பேரும் காற்றில் ஒரே ஒரு சிக்னல் இருப்பதுபோலப் பேசுகிறீர்கள். 119ல் பாட்டு கேட்கிறது என்று அவர் எழுதியதை யாருமே கண்டுகொள்ளவில்லை!

95லும் 107லும் இரண்டு எஃப்எம் நிலையங்கள் பலமாக வருகின்றன என்று வையுங்கள். பெருக்கி அதன் எல்லையைத் தாண்டியதும் இரண்டும் கலந்து 2×107−95, அதாவது 119ல் ஒரு பொய்ச் சிக்னல் பிறக்கும். அங்கே எந்த நிலையமும் கிடையாது, உங்கள் கருவிக்குள்ளேதான் அது உருவாகிறது. அகலப்பட்டை ஆம்ப்ளிஃபையர் எஃப்எம்மையும் 20 டெசிபெல் ஏற்றி ட்யூனரின் தலையில் கொட்டுகிறது. ட்யூனர் மூச்சுத் திணறும்போது 1090ல் இருக்கும் மெல்லிய பாக்கெட் எப்படி வரும்? விமானம் கூடாததற்குக் காரணம் பாதி இதில் இருக்கலாம்.

இது உண்மையா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஏஜிசியை (கெயினைத் தானாக மாற்றும் வசதி) அணைத்துவிட்டு, டாங்கிளின் வாயில் 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) ஒன்றைப் போடுங்கள். நிஜச் சிக்னல் 10 இறங்கும். இப்படிக் கலந்து பிறந்த போலி 30 இறங்கும். அட்டென்யுவேட்டர் இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிவிட்டு, மென்பொருளில் கெயினைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். அத்தனை துல்லியம் வராது, ஆனால் விஷயம் புரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது ஃபில்டர். 88 முதல் 108 வரை அடைக்கும் எஃப்எம் ஃபில்டர். அதற்குப் பிறகு மற்றதெல்லாம்.

புதுஅலை:
செய்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், கெயினை உச்சமான 49.6ல் வைத்தால் 119ல் பாட்டு மங்கலாக இருக்கிறது. முப்பதுகளுக்கு இறக்கியதும் சுத்தமாகப் போய்விட்டது! அதே இறக்கத்தில் நிஜ எஃப்எம் நிலையங்கள் கொஞ்சம்தான் தணிந்தன. குச்சியையும் 6.9க்குச் சுருக்கி, தகரத் தட்டில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். விமானங்கள் கண்ணுக்குத் தெரிய அதிகம். கம்பிக்காரன் அண்ணே, நன்றி.

கம்பிக்காரன்:
பார்த்தீர்களா டெசிபெல் சார்? ஒரு எல்என்ஏவும் வாங்காமலே.

டெசிபெல்:
பார்த்தேன், மகிழ்ச்சி. ஜன்னலோரத்தில் நிற்கும் ஒரு தொடக்கநிலை ஆன்டெனாவில் அது நடக்கத்தான் செய்யும். கூரைக்குப் போனதும் நான் சொன்னது நினைவுக்கு வரும்.

வடிகட்டி, உங்களோடும் ஒரு வழக்கு இருக்கிறது. ஃபில்டரை எங்கே போடச் சொல்கிறீர்கள்? ஆன்டெனாவுக்கும் எல்என்ஏவுக்கும் நடுவில் 2 டெசிபெல் இழக்கும் சா ஃபில்டரை (குறுகிய அலைவரிசையை மட்டும் விடும் ஃபில்டர்) போட்டால் அந்த 2ம் நேராக நாய்ஸ் ஃபிகரில் ஏறும், 0.8 என்பது 2.8 ஆகும். எல்என்ஏவுக்குப் பின்னால் போட்டால் இழப்பு கணக்கிலேயே வராது. நல்ல எல்என்ஏக்கள் பலத்த சிக்னலைத் தாங்கும். எல்என்ஏக்களில் வரும் எஸ்பிஎஃப்5189இசட் சிப்பின் தாங்குதிறனும் டாங்கிளின் ட்யூனர் தாங்குவதும் ஒன்றல்ல. காப்பாற்ற வேண்டியது டாங்கிளைத்தான்.

வடிகட்டி:
ஊருக்கு வெளியே இருப்பவருக்கு அது பொருந்தும். கூரைக்கு எதிரே 900 மெகாஹெர்ட்ஸில் செல்போன் கோபுரம் நிற்கிறவருக்கு? ஃபில்டர் பின்னால் இருந்தால் எல்என்ஏவே முதலில் திணறும். அங்கே 2 டெசிபெல்லைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். மெல்லிய சிக்னலுக்கு 2 டெசிபெல் இழப்பு ஒரு குறைதான், ஆனால் முழுக் கருவியும் செவிடாவதோடு அதை ஒப்பிடவே கூடாது. இரண்டு எல்என்ஏக்களுக்கு நடுவில் சா ஃபில்டர் வைத்து ஒரே பெட்டியில் வரும் 1090 கருவிகள் உண்டு. நீங்கள் சொல்வதற்கு அதுதான் கிட்டத்தில் வரும். ஆனால் அது 1090க்கு மட்டுமே, 137க்கோ சிற்றலைக்கோ உதவாது.

அப்புறம், டாங்கிளில் சிக்னலை எண்களாக மாற்றும் ஏடிசி 8 பிட்தான் என்பதையும் மறக்கக் கூடாது. பலத்த சிக்னலுக்கும் மெல்லியதற்கும் நடுவே சுமார் 50 டெசிபெல்தான் இடம்.

டெசிபெல்:
குறுகிய சிக்னலுக்கு அந்த 50 அப்படியே நிற்காது. நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுத்து 10 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கினால் இன்னும் 24 டெசிபெல் வரை கிடைக்கும். 8 பிட்டைக் காட்டி யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

நள்ளிரவுச்சிற்றலை:
சிற்றலையை எல்லோரும் விட்டுவிட்டீர்கள்.

இந்த ட்யூனர் 24 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே போக அப்கன்வெர்ட்டர் (சிற்றலையை மேல் அலைவரிசைக்கு மாற்றும் கருவி) வேண்டும், அல்லது டைரக்ட் சாம்ப்ளிங் (ட்யூனரைத் தவிர்த்து நேராக ஏடிசிக்குக் கொடுப்பது). ஆனால் அங்கே சட்டமே வேறு. வானத்தின் இரைச்சலும் வீடுகளின் இரைச்சலும் சேர்ந்து கருவியின் இரைச்சலை மூழ்கடித்துவிடும். ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தரும் கணக்குப்படி, குடியிருப்புப் பகுதியில் 10 மெகாஹெர்ட்ஸில் மனிதர் உண்டாக்கும் இரைச்சலே 45 டெசிபெல் அளவில் இருக்கும். அதற்கு முன்னால் 0.8 நாய்ஸ் ஃபிகர் எல்என்ஏ வைத்து என்ன செய்வது?

நான் யாருக்கும் சொல்லும் சோதனை இது. ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டெர்மினேட்டரை (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) மாட்டுங்கள். ஸ்பெக்ட்ரத்தின் அடிக்கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி ஆன்டெனாவை மாட்டுங்கள். பலத்த நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் அடிக்கோடு 10 டெசிபெல் மேலே ஏறினால், ஆன்டெனாவின் இரைச்சல் கருவிக்கு ஏற்கெனவே தாராளமாகக் கேட்கிறது என்று பொருள். ஆம்ப்ளிஃபையர் எதையும் கூட்டித் தராது. ஏறவே இல்லையென்றால்தான் டெசிபெல் சாரின் கட்சி ஜெயிக்கும்.

சிற்றலைக்கு நல்லது ஒரு லூப் (வளைய ஆன்டெனா). அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அடுத்த அறை சார்ஜரின் இரைச்சல் ஒரு கோணத்தில் சட்டென்று மறையும். கேபிளில் ஃபெரைட் வளையமும் போடுங்கள், யுஎஸ்பி வயர் வழியாக வரும் இரைச்சல் குறையும்.

டெசிபெல்:
சோதனை அருமை, 1090க்கும் அதையே செய்யலாம். ஆனால் டைரக்ட் சாம்ப்ளிங்கில் ட்யூனரே வழியில் இல்லை, அதன் கெயினும் இல்லை. ஏடிசியின் கடைசி பிட்டை அசைக்கும் அளவுக்காவது ஆன்டெனா இரைச்சல் வர வேண்டும். சின்ன லூப்பின் காலடியில் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அது வராது. உங்கள் லூப்பிலும் ஒன்று இருக்குமே?

நள்ளிரவுச்சிற்றலை:
இருக்கிறது. அது இல்லாமல் லூப் இல்லை. நான் வேண்டாம் என்பது, நீளக் கம்பி கட்டிவிட்டு அதற்குப் பின்னால் இன்னொரு 20 டெசிபெல் போடுவதை.

கம்பிக்காரன்:
137க்கு நான் சொல்லிவிடுகிறேன். வானிலைப் படங்கள் அனுப்பிவந்த நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்கள் மூன்றும் 2025ல் நின்றுபோயின, இப்போது மெட்டியோர்தான். சுமார் 53 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கம்பிகள், நடுவில் 120 பாகைக் கோணம், தரைக்குக் கிடையாக வி வடிவ டைபோல். செயற்கைக்கோள் அலை வட்டத் துருவம், டைபோல் நேர்த் துருவம் என்பதால் 3 டெசிபெல் போகும், பரவாயில்லை. நீங்களே வளைத்துக் கட்டலாம்.

இங்கே எல்என்ஏ கணக்கையும் போட்டுவிட்டேன், டெசிபெல் சார் கோபிக்க வேண்டாம். 10 மீட்டர் ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் 2 டெசிபெல், டாங்கிள் 4, மொத்தம் 6. அதே ஐடியு கணக்கு 137ல் வெளி இரைச்சல் 13 என்கிறது. எல்என்ஏ போட்டால் கூடுவது அரை டெசிபெல். அரைக்காக எஃப்எம் தொல்லையை வரவழைப்பானேன்?

டெசிபெல்:
குடியிருப்புக்கு நடுவே இருப்பவருக்கு அது சரியான கணக்கு, 137ஐ உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். 1090ஐ விட மாட்டேன்.

புதுஅலை:
அப்படியானால் இப்போதைக்கு எஃப்எம் ஃபில்டர் ஒன்று வாங்குகிறேன், வி டைபோலை நானே கட்டுகிறேன். கூரைக்கு ஏற ஆர்ஜி-6. டெர்மினேட்டர் சோதனையில் 1090ன் அடிக்கோடு ஏறவில்லையென்றால் அடுத்தது மேலே மாட்டும் எல்என்ஏ. அதற்கு மின்சாரம் கேபிள் வழியாகவே போகுமா?

டெசிபெல்:
போகும். டாங்கிளில் பயஸ் டீ (ஆன்டெனா கேபிளில் மின்சாரம் ஏற்றும் சுற்று) இருந்தால் மென்பொருளில் அதை இயக்கினால் போதும், 4.5 வோல்ட் மேலே போகும். இல்லையென்றால் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நடுவில் எஃப்எம் ஃபில்டர் வைத்தால் அது டிசியை (நேர்மின்சாரத்தை) விடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிலது விடாது. ஆன்டெனா மாற்றும் முன்பு பயஸ் டீயை அணைத்துவிடுங்கள். லூப் போன்ற சில ஆன்டெனாக்கள் டிசிக்கு நேரடி ஷார்ட்.

வடிகட்டி:
எதிரே கோபுரம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள், ஃபில்டர் முன்னாலா பின்னாலா என்பதை அதை வைத்துப் பேசலாம்.