கிளினிக்கலா, நியூரோவா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்

மார்த்தாண்டம் பெண்: அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். இங்கே வந்து 7 வாரம்தான் ஆகிறது. மனநலம் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜியா, மூளைப் பாதிப்பைப் பார்க்கும் நியூரோசைக்காலஜியா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா ரப்பர் தோட்டத்தை அடமானம் வைத்து அனுப்பினார். தப்பாகிவிட்டால் என்ன செய்வேன்? மூன்று நாளாகத் தூக்கமில்லை.

குளச்சல் அண்ணன்: மக்களே, முதலில் நேரத்துக்குச் சாப்பிடு. நான் வந்த முதல் ஜனவரியில் அறையில் ஹீட்டர் ஓடவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை, ஜாக்கெட்டோடு படுத்து மரச்சீனியும் மீன்கறியும் நினைத்து அழுதிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு எந்த முடிவும் எடுக்காதே.

தக்கலை அண்ணன்: கெடு வெள்ளிக்கிழமை என்கிறாளே! நியூரோவை எடு தங்கச்சி. பக்கவாதம் வந்த ஒருவரிடம் கடிகாரம் வரையச் சொன்னேன். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதிவிட்டு, இடது பக்கம் வெறுமையாகக் கிடப்பது தெரியாமல் பேப்பரை நீட்டினார். கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டது. அதை வீட்டாருக்குப் புரியவைப்பது எவ்வளவு பெரிய உதவி!

கருங்கல் அக்கா: எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளினிக்கலில்தான் ஒருவரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, அவர் தேறி வருவதைப் பார்க்கலாம். வேலையும் அதில்தான் அதிகம்.

குளச்சல் அண்ணன்: வேலை கிடைத்து என்ன, பாதிச் சம்பளம் வாடகைக்கே போகிறது.

நாகர்கோவில் அக்கா: வாடகையை அப்புறம் பேசலாம். தங்கச்சி, எந்த நாடு, என்ன படிப்பு என்று நீ சொல்லவே இல்லையே? ஆஸ்திரேலியாவில் இரண்டும் தனித்தனித் துறை, படிப்பும் தனி. அமெரிக்காவில் டாக்டரேட்டுக்குப் பிறகு நியூரோவுக்கு 2 வருடப் பயிற்சி.

மார்த்தாண்டம் பெண்: மன்னிக்கணும் அக்கா. இங்கிலாந்து. ஒரு வருட எம்.எஸ்சி. வெள்ளிக்கிழமை கொடுப்பது புராஜெக்ட் தலைப்பு.

நாகர்கோவில் அக்கா: அப்படியானால் எதை எழுதினாலும் வழி அடைபடாது. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான நியூரோவுக்கும் கிளினிக்கல் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் 3 வருட டாக்டரேட், சைக்காலஜிஸ்டுகளைச் சட்டப்படி பதிவு செய்யும் ஹெச்.சி.பி.சி. அமைப்பில் பதிவு, அதன்பிறகு பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டியின் நியூரோ தகுதி. இந்த எம்.எஸ்சி.யை மட்டும் வைத்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. ஏஜென்ட் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அப்பாவிடம் இன்றே பேசிவிடு, கடன் கணக்கு அதைப் பொறுத்தது. நம் ஊர் டிகிரியும் இந்த எம்.எஸ்சி.யும் ஜி.பி.சி.க்கு, அதாவது டாக்டரேட்டுக்கு விண்ணப்பிக்கக் கேட்கும் அடிப்படைத் தகுதிக்கு, போதுமா என்று அந்த சொசைட்டியிடமே கேள். டாக்டரேட்டுக்கு அனுபவம் கேட்பார்கள், அதனால் மூளைக்காயம் பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் சப்போர்ட் ஒர்க்கர் வேலை தேடு, மாணவர் விசாவில் டேர்ம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது நினைவிருக்கட்டும். தலைப்புக்கு, உனக்கு நேரம் ஒதுக்கும் கைடு யாரோ அவர் துறையையே எடு. நாளைக்கே அவருக்கு மெயில் போடு.