விமான சீட்டுக்கு அரசு அளவு வைக்கணுமா? வைத்தால் எதை அளப்பது?

இன்ச்டேப்:
அமெரிக்காவின் 2018 விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் 577-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பயணிகளின் பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச சீட் அளவை ஓராண்டுக்குள் வகுக்க வேண்டும் என்று அது அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வுக்குச் சொன்னது. கெடு தாண்டியும் அளவு வரவில்லை. ஃபிளையர்ஸ் ரைட்ஸ் என்ற பயணிகள் அமைப்பு நீதிமன்றம் போனது. 2023 மார்ச்சில் மனு தள்ளுபடி. சட்டம் கேட்பது பாதுகாப்புக்கு அவசியமான அளவை மட்டும்தான், இப்போதைய சீட்டுகள் ஆபத்தானவை என்பது மறுக்க முடியாதபடி நிறுவப்படவில்லை என்பது காரணம்.

1970-களில் எகானமியில் 34, 35 அங்குல பிட்ச் (ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள தூரம்) சாதாரணம். இன்று 30, 31. மலிவு விலை ஏர்லைன்களில் 28. அரசு தலையிட்டே ஆகவேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி வரலாம்.

கடைசிவரிசை:
வந்தாச்சு. முதலில் கணக்கு.

ஒற்றை நடைவழி விமானம், 30 வரிசை, வரிசைக்கு 6 பேர், 29 அங்குல பிட்ச். சீட்டுகள் பிடிக்கும் நீளம் 870 அங்குலம். இதையே 31 ஆக்கினால் 28 வரிசைதான் நிற்கும். 180 பேர் 168 ஆனார்கள். விமானக் கடன், பைலட் சம்பளம், தரையிறங்கும் கட்டணம் எதுவும் குறையாது, எரிபொருள் கொஞ்சம் குறையும். ஆக ஒரு சீட்டுக்கான செலவு கிட்டத்தட்ட 7 சதவீதம் ஏறும். இது யார் தலையில் விழும்? கால் நீட்ட வேண்டும் என்று கேட்டவர் தலையில் மட்டுமல்ல, ஐந்தடி உயரத்தில் மடங்கி உட்கார்ந்து தூங்கிவிடுபவர் தலையிலும்.

கால் இடம் வேண்டுபவருக்கு அது ஏற்கெனவே தனி விலையில் கிடைக்கிறது. 2000-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எகானமி முழுக்க இடம் விடுகிறோம் என்று 7,000-க்கும் மேற்பட்ட சீட்டுகளைக் கழற்றியது. சில ஆண்டுகளிலேயே திரும்பவும் மாட்டியது. பயணிகள் இடத்தைப் பாராட்டினார்கள், டிக்கெட்டை வேறு இடத்தில் வாங்கினார்கள்.

நெட்டைக்கால்:
அந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதையை எல்லா விவாதத்துலயும் கொண்டு வந்துடுறீங்க. 2000-ல டிக்கெட் தேடுற திரையில என்ன தெரிஞ்சுது? நேரம், விலை. பிட்ச் தெரியல. பார்க்கவே முடியாத பொருளுக்கு ஆள் காசு குடுக்கலன்னா அது சந்தையோட தீர்ப்பா? இன்னொண்ணு, அந்தத் திட்டம் நடுவுல 2001 செப்டம்பர் 11 தாக்குதல்ல மாட்டிக்கிச்சு. அப்புறம் எந்த ஏர்லைன் எதைத்தான் தாங்குச்சு?

"தனி விலையில் கிடைக்கிறது"ன்னு சொல்றதுலயும் ஒரு தந்திரம் இருக்கு. முன்னாடி 5 வரிசையை 34-க்கு இழுத்துட்டு அதை வித்தா, அந்த நீளம் எங்கிருந்து வருது? பின்வரிசைகள்ல இருந்துதான். விமானம் நீளல. பின்னாடி உட்கார்றவங்க இழந்த அங்குலத்தைத்தான் முன்னாடி காசுக்கு விக்கிறாங்க.

ரன்வே27:
இருவரும் சௌகரியம் பேசுகிறீர்கள். 577-ஆம் பிரிவில் அந்தச் சொல்லே கிடையாது. கேள்வி ஒன்றுதான்: தீப்பிடித்தால் வெளியே வர முடியுமா?

விதி இப்படி: 44-க்கு மேல் சீட் உள்ள விமானத்தில், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி, இருட்டில், 90 விநாடியில் எல்லோரும் தரைக்கு வர வேண்டும். சோதனைக்கு வருபவர்களில் குறைந்தது 40 சதவீதம் பெண்கள், 35 சதவீதம் 50 வயதைத் தாண்டியவர்கள். கைக்குழந்தைக்குப் பதில் 3 பொம்மைகள். நடைவழியில் பைகளும் போர்வைகளும் சிதறிக் கிடக்கும். 2006-ல் ஏ380 இந்தச் சோதனையில் 873 பேரை 78 விநாடியில் இறக்கியது.

2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஓக்லஹோமா நகரில் எஃப்.ஏ.ஏ. சீட்டின் பிட்ச்சையும் அகலத்தையும் சோதித்தது. 775 பேர். 28 அங்குலம் வரை குறைத்தும் வெளியேறும் நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. காரணம் எளிது. ஜன்னலோரம் இருப்பவர் எழுந்து நின்றாலும் நடைவழி காலியாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவர் சீட்டிலிருந்து எழ 2 விநாடி கூடுதலாக எடுத்தால், அந்த 2 விநாடி காத்திருக்கும் நேரத்துக்குள்ளேயே கரைந்துவிடும். நெரிசல் வாசலில் நடக்கிறது, வரிசைக்குள் இல்லை.

கடைசிவரிசை:
அப்புறம் என்ன, வழக்கு முடிந்தது. தவிர, விமானத்தில் எத்தனை பேர் என்பதற்கு வாசல் கணக்கில் ஏற்கெனவே உச்சவரம்பு இருக்கிறது. போயிங் 737-800-ல் 189. அதற்கு மேல் ஏற்ற வேண்டும் என்றபோது மேக்ஸ் 200 வகைக்குக் கூடுதலாக ஒரு ஜோடி வாசல் வைத்துத்தான் 210 ஆக்கினார்கள். ஒழுங்குமுறை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்ச்டேப்:
அந்த 775 பேரின் வயது என்ன? 18 முதல் 60. குழந்தை இல்லை, 70 வயது ஆள் இல்லை, ஊன்றுகோல் இல்லை. அந்த முடிவுகள் பயனுள்ளவை, ஆனால் இறுதியானவை அல்ல என்று எஃப்.ஏ.ஏ.வின் தலைமையே எழுதியது. 'வழக்கு முடிந்தது' என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

ரன்வே27:
ஒப்புக்கொள்கிறேன், அது உண்மையான ஓட்டை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்க 31 அங்குலம் போதுமா, 33 வேண்டுமா என்பதற்கு யாரிடமும் சான்று இல்லை. எண் வேண்டும் என்ற ஆசை ஒரு எண்ணைத் தந்துவிடாது.

வரிசை இடைவெளி நிஜமாகவே உயிரைத் தொட்ட இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்கிறேன். 1985 ஆகஸ்ட் 22, மான்செஸ்டர். ஓடுபாதையில் போயிங் 737-இன் இடது என்ஜின் தீப்பிடித்தது. 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். வலது இறக்கை மேல் உள்ள வாசல் கதவு கீல் வைத்தது அல்ல. பிடுங்கி உள்ளே எடுக்க வேண்டிய பலகை, எடை சுமார் 22 கிலோ. 10-ஆம் வரிசையில் ஜன்னலோரம் இருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவர் அதைத் திறந்ததும் அது அந்தப் பெண்ணின் மேல் விழுந்து அவரை அழுத்தியது. பின்வரிசை ஆள் அதைத் தூக்கிய பிறகுதான் வழி பிறந்தது. விமானம் நின்று அதற்குள் முக்கால் நிமிடம் ஓடிவிட்டது. பலகையைத் திருப்பி வைக்க அங்கே இடம் இல்லை.

அதன்பிறகு பிரிட்டனின் கிரான்ஃபீல்டில் நடந்த சோதனைகளில், முதலில் வெளியே வரும் பாதிப் பேருக்குக் கூடுதல் பணம் என்றார்கள். உடனே வாசலில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சிக்கிக்கொண்டார்கள். 90 விநாடிச் சோதனையில் அந்த முட்டல் மோதல் இருக்காது. இன்று இறக்கை வாசலை ஒட்டிய வரிசைக்கு மட்டும் தனி அளவு இருப்பது இந்த அனுபவத்தால்தான். மூன்று சீட் உள்ள பக்கத்தில் வாசலுக்குப் போகும் பாதை பொதுவாக 20 அங்குலம் இருக்க வேண்டும்.

நெட்டைக்கால்:
உடம்பு விஷயத்தை யாருமே எடுக்கல. 8 மணி நேரம் முழங்கால் மடங்கி உட்கார்ந்தா கால் நரம்புல ரத்தம் உறையுது. இது பாதுகாப்பு இல்லையா?

ரன்வே27:
உறைவது உண்மை, காரணம் பாதி சரி. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு மொத்தக் கணக்கு சுமார் 6,000-ல் ஒன்று. ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் காரிலும் இதே கதைதான். அசையாமல் இருப்பதுதான் குற்றவாளி.

இன்னொரு செய்தி உங்கள் பெயருக்குப் பொருந்தாது: 190 செ.மீ. தாண்டியவர்களுக்கு மட்டுமல்ல, 160 செ.மீ.க்குக் குறைந்தவர்களுக்கும் விமானத்தில் ஆபத்து கூடுகிறது. குட்டையானவரின் கால் தரையில் பதியாது, மெத்தையின் முன் விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தும். பிட்ச்சை 40 ஆக்கினாலும் அது மாறாது.

நடுசீட்:
நீளத்தையே பேசுகிறீர்கள். அகலம்? தோளுக்கும் இடுப்புக்கும் 17 அங்குலம்.

கடைசிவரிசை:
அகலத்தைத் தொட்டால் கணக்கு இன்னும் கொடூரம். 737-இன் உள் அகலம் சுமார் 139 அங்குலம். 17 அங்குல சீட் 6 என்றால் 102, 2 அங்குல ஆர்ம்ரெஸ்ட் 8 என்றால் 16, நடைவழி 20. மொத்தம் 138. ஒரே ஒரு அங்குலம் மிச்சம். சீட்டை 18 ஆக்கினால் நடைவழிக்கு 15 அங்குலம்தான். தரையிலிருந்து 25 அங்குல உயரம் வரை சட்டம் கேட்பதும் 15 தான், ஆனால் அதற்கு மேலே 20 வேண்டும். அது கிடைக்காது. ஆக வரிசைக்கு 5 சீட். ஆறில் ஒரு பங்கு போச்சு.

ஏர்பஸ் 2013-ல் நெடுந்தூர விமானங்களுக்கு 18 அங்குலத்தைப் பொது அளவாக்க வேண்டும் என்று கொடி பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? தன் விமானங்களில் 18 வசதியாக உட்காரும், போயிங் 777-ல் வரிசைக்கு 10 பேர் வைத்தால் உட்காராது. பயணியின் இடுப்பின் மேல் அவ்வளவு அக்கறை! அரசு அகலம் நிர்ணயிக்கும் நாளில் வாசலில் முதல் ஆளாக நிற்பது பயணி அல்ல, போட்டிக் கம்பெனியின் வக்கீல்.

சௌகரியத்தை விதியாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 1958 போதும். அட்லாண்டிக் எகானமியில் சாண்ட்விச் மட்டும் என்று ஏர்லைன்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ.வில் உடன்பாடு. சில ஐரோப்பிய ஏர்லைன்கள் ரொட்டித்துண்டின் மேல் விருந்தே அடுக்கி அதுவும் சாண்ட்விச்தான் என்றன. அமெரிக்க ஏர்லைனான பான் ஆம் புகார் செய்தது. எது சாண்ட்விச் என்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து விவாதித்தார்கள்.

இன்ச்டேப்:
சாண்ட்விச் கதை அருமை. அகலத்தில் உங்கள் கணக்கையும் ஏற்கிறேன். பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் உடலை யாரும் விரிக்க முடியாது. ஆனால் நீளம் வேறு மாதிரி. சீட் நிற்கும் தண்டவாளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு துளை. போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தி இறுக்கினால் பிட்ச் மாறிவிடும். அதோடு வேலை முடிவதில்லை: தலைக்கு மேலுள்ள ஆக்சிஜன் முகமூடிப் பெட்டிகளை வரிசைக்கு நேராக நகர்த்தணும், எடைச் சமநிலையைத் திரும்பக் கணக்கிடணும், இருக்கை வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கணும். இருந்தாலும் செய்யக்கூடிய வேலை. அதனால்தான் அங்குலம் அங்குலமாகக் காணாமல் போகிறது.

நான் இந்த இழையைத் தொடங்கியபோது பிட்ச் என்று எழுதியதே தப்பு. பிட்ச் என்பது ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை. முன் சீட்டின் முதுகுத் தடிமன் அதற்குள்ளேயே அடக்கம். தடித்த பழைய சீட்டில் 30-ம் மெல்லிய புதுச் சீட்டில் 28-ம் முழங்காலுக்கு ஒரே இடத்தைத் தரலாம். பத்திரிகைப் பையை முழங்காலுக்கு மேலே தூக்கி வைத்தாலே ஒரு அங்குலம் திரும்பி வரும்.

அளக்க வேண்டியதை பிரிட்டன் 1989-லேயே அளந்தது. மான்செஸ்டருக்குப் பிறகு வந்த விமானத் தகுதி அறிவிப்பு 64. உங்கள் முதுகு சாயும் மெத்தையிலிருந்து முன் சீட்டின் பின்புறம் வரை 26 அங்குலம். உங்கள் சீட்டின் முன் விளிம்புக்கும் முன் சீட்டுக்கும் நடுவே 7. எழுந்து பக்கவாட்டில் நகர மேலிருந்து கீழாகத் தெரியும் இடைவெளி 3. பிரிட்டனில் ஏர்லைன் தொழில் படுத்துவிடவில்லை.

கடைசிவரிசை:
படுக்கவில்லை, ஏனென்றால் 26 என்பது 28 பிட்ச் மெல்லிய சீட்டிலேயே கிடைத்துவிடும். உங்கள் சட்டம் வந்தால் இன்று பறக்கும் ஒரு சீட்டும் நகராது. நெட்டைக்கால் இதற்குத்தானா கொடி பிடித்தார்?

நெட்டைக்கால்:
இல்ல. எனக்கு இது பத்தாது. ஆனா தரை இல்லாத இடத்துல தரை போடுறது முதல் வேலை. நாளைக்கு எவனாவது 26 பிட்ச் சீட் செஞ்சு, 90 விநாடியில் தேறிடுச்சுன்னு கொண்டு வந்தா எதைக் காட்டித் தடுப்பீங்க?

கடைசிவரிசை:
அந்த அளவுக்குத் தரை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னும் ஒன்று தருகிறேன்: டிக்கெட் பக்கத்தில் விலைக்குப் பக்கத்தில் அந்த முதுகு மெத்தை முதல் முன் சீட்டின் பின்புறம் வரையிலான எண்ணைக் கட்டாயமாக அச்சிடட்டும், விமானத்துக்கு அல்ல, வரிசைக்கு வரிசை. நான் எதிர்ப்பது 31, 32 என்று எல்லோருக்கும் ஒரே விலையேற்றம் வைப்பதை.

ரன்வே27:
அச்சிடுவதென்றால் எப்படி அளப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் சாண்ட்விச் கதை திரும்ப வரும். இரண்டு சீட்டும் நிமிர்ந்த நிலையில். மெத்தையில் ஆள் எடை வைத்து அமுக்கிய பிறகு, ஏனென்றால் புது மெத்தை தடித்திருக்கும். முன் சீட்டில் முழங்கால் உயரத்தில் எது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுவரை: பையோ, மடக்கு மேசையின் தாழ்ப்பாளோ, திரையின் பெட்டியோ.

இன்ச்டேப்:
சேர்த்துக்கொள்கிறேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் மின் பெட்டியை எந்தக் கணக்கில் வைப்பது? சில வரிசைகளில் ஒரு கால் வைக்கும் இடத்தையே அது தின்றுவிடுகிறது.

ரன்வே27:
அது முழங்கால் உயரத்தில் வராது, பாதத்தில் வரும். தனிப் பத்தியாக எழுத வேண்டும். நாளை போடுகிறேன்.