சாப்பிடப் போன பையன் திரும்பி வரவில்லை. இதுதான் உங்கள் புதிய தலைமுறையா?

குறிச்சி பட்டறை:
நேற்று ‘ரெண்டாவது ஷிப்ட்’ தம்பி ஒரு பதிவு போட்டிருந்தார். இந்தக் காலத்துப் பையன்கள் சோம்பேறிகள் இல்லையாம், மரியாதையும் சம்பளமும் ஒழுங்காக இருந்தால் எங்கேயும் நிலைத்து நிற்பார்களாம். அதற்கு ஆளாளுக்கு வந்து ‘அருமை’, ‘நெத்தியடி’ என்று கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

என் கதையைக் கேளுங்கள். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் 31 வருடமாக ஜாப் ஒர்க், மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் கடைந்து கொடுக்கிறேன். மூன்று சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்), இரண்டு பழைய லேத், பம்ப் ஷாஃப்ட்தான் முக்கால்வாசி. போன மாதம் டிப்ளமோ முடித்த பையன் ஒருவனை எடுத்தேன். 15,000 ரூபாய், தங்க ரூம், இரண்டு வேளை டீ, வடை. திங்கட்கிழமை சேர்ந்தான். புதன் மதியம் ‘சாப்பிட்டு வர்றேன் சார்’ என்று போனவன்தான். நாலு மணிக்கு வாட்ஸாப்பில் வருகிறது: ‘சார் செட் ஆகல’. கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. நான் தொழில் பழகியபோது ஆறு மாதம் மாஸ்டர் வீட்டுக்குத் தண்ணீர்கூடச் சுமந்தேன், சம்பளம் கேட்க வாய் வரவில்லை. இவனுக்கு மூன்றாம் நாளே செட் ஆகவில்லை.

ரெண்டாவது ஷிப்ட்:
அண்ணா, என் பதிவில் ‘மரியாதையும் சம்பளமும்’ என்று இரண்டு சொன்னேன். இரண்டாவதை மட்டும் கேட்கிறேன். திங்கள், செவ்வாய், புதன் அரை நாள். அந்த இரண்டரை நாள் சம்பளத்தைக் கொடுத்தீர்களா?

குறிச்சி பட்டறை:
பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன். நான் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறேன், தம்பி கால்குலேட்டரை எடுக்கிறார்.

கட்டிங் மாஸ்டர்:
திருப்பூரில் வந்து பாருங்கள். தீபாவளி போனஸ் வாங்கிய மறுவாரம் பாதி லைன் காலியாக இருக்கும். பீஸுக்குப் பத்துக் காசு கூடக் கிடைத்தால் எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒன்று, இது நேற்று வந்த பழக்கமில்லை, நான் 1998-ல் கை மடிக்கும் வேலைக்கு வந்தபோதும் இப்படித்தான், நானே நாலு கம்பெனி மாறியிருக்கிறேன்.

குறிச்சி பட்டறை:
மாஸ்டர் சொல்வதைக் கேளுங்கள். பாதி லைன் காலி!

கட்டிங் மாஸ்டர்:
மீதியையும் படியுங்கள் சார்.

ஓய்வூதியர்:
நான் அரசுத் துறையில் 36 ஆண்டுகள் ஒரே அலுவலகக் குடையின்கீழ் பணியாற்றினேன். ஒரு நாள்கூட ‘செட் ஆகவில்லை’ என்ற எண்ணம் வந்ததில்லை. பொறுமை என்று ஒன்று இருந்தது.

ரெண்டாவது ஷிப்ட்:
ஐயா, உங்களுக்குக் கிடைக்கிற பென்ஷன் எனக்கும் கிடைக்கும் என்றால் நானும் 36 வருடம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். தமிழ்நாடு அரசு வேலையிலேயே 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று நிறுத்தினார்கள். தனியாரில் பிஎஃப் பென்ஷன், அதில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். ஆயிரம் ரூபாய்க்கு எவ்வளவு பொறுமை வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓய்வூதியர்:
பென்ஷன் யாரும் இனாமாகத் தரவில்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். அதையெல்லாம் பார்த்தவர்கள் நாங்கள். உனக்கு அப்போது என்ன வயது?

ரெண்டாவது ஷிப்ட்:
ஐந்து. அப்போ நீங்களும் முதலாளியை எதிர்த்து வேலைக்குப் போகாமல் இருந்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? பொறுமை என்றீர்களே.

ஓய்வூதியர்:
அது சங்கத்தின் முடிவு. வேறு விஷயம்.

நோட்டீஸ் பீரியட்:
நான் சென்னை ஓஎம்ஆரில் ஹெச்ஆர், ஆள் எடுக்கிற வேலை. பட்டறை சார் ஒரு பையனுக்கே இப்படி அழுகிறார். எனக்கு மாதம் பத்துப் பேர் ஆஃபரில் கையெழுத்துப் போட்டுவிட்டு சேருகிற நாளன்று போனை அணைத்துவிடுகிறார்கள். எங்கள் ஆஃபரைக் காட்டி அடுத்த கம்பெனியில் கூட்டிக் கேட்பது, அதைக் காட்டி மூன்றாவது கம்பெனியில். காய்கறிச் சந்தையில்கூட இப்படி இல்லை. கேட்டால் ‘இட்ஸ் ஜஸ்ட் பிசினஸ் மேம்’ என்கிறான், 22 வயது.

ரெண்டாவது ஷிப்ட்:
மேடம், அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? 2023 தொடக்கத்தில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று எடுத்த புதியவர்களிடம் ‘3.5 லட்சத்துக்கு வருகிறாயா’ என்று கேட்டது. அதற்கு முந்தின ஆண்டுதான் அவர்களின் தலைவர், ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்ப்பது பச்சையான ஏமாற்று வேலை என்றார், அப்படிச் செய்த 300 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். கம்பெனி சொன்ன சொல்லை மாற்றினால் சூழ்நிலை, பையன் மாற்றினால் பண்பாடு கெட்டுவிட்டதா? உங்கள் துறையில் 90 நாள் நோட்டீஸ் கேட்கிறீர்கள், அதே கம்பெனி ஆளைக் குறைக்கும்போது 90 நாள் காத்திருக்கிறதா?

நோட்டீஸ் பீரியட்:
எல்லா கம்பெனியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நாங்கள் 60 நாள்தான்.

ரெண்டாவது ஷிப்ட்:
பெருந்தன்மை. சரி, பட்டறை அண்ணா எங்கே? இரண்டரை நாள்?

குறிச்சி பட்டறை:
இங்கேதான் இருக்கிறேன், உன்னைப் போல வேலை நேரத்தில் போனைப் பார்க்க முடியாது. இந்த ‘இரண்டரை நாள், இரண்டரை நாள்’ என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறாயே, அந்த இரண்டு நாளில் அவன் என்ன செய்தான் தெரியுமா? ஆஃப்செட்டை, அதாவது டூல் எங்கே நிற்க வேண்டும் என்ற அளவை, மெஷினில் தப்பாகக் கொடுத்து டூலைக் கொண்டுபோய் ஜாப்பில் (கடைகிற பாகத்தில்) இடித்தான். டூல் முனையில் மாட்டுகிற வெட்டும் துண்டு, மூன்று இன்சர்ட் போச்சு. ஒன்று 350 ரூபாய். ஷாஃப்ட் ஒன்று ரிஜெக்ட், அந்தக் கணக்கை நான் எடுக்கவேயில்லை. நான் ஒரு வார்த்தை திட்டினேனா? ‘பார்த்துச் செய் கண்ணு’ என்றேன். மெஷினை செட் செய்து கொடுக்கிற செட்டரை விட்டுச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் அவனும் அந்த வாரம் இல்லை. எனக்கு வங்கியில் மெஷின் லோன் ஓடுகிறது, பம்ப் கம்பெனிக்காரன் பில்லுக்கு 90 நாள் கழித்துத்தான் பணம் போடுகிறான், கரண்ட் பில்லில் நிலைக்கட்டணம் ஏற்றியதை எதிர்த்து 2023-ல் ஊரே கதவடைப்பு நடத்தினோம், இதையெல்லாம் யார் பதிவு போடுகிறீர்கள்? முதலாளி என்றால் காரில் போகிறவன் என்று நினைப்பு. நான் போவது 2011 மாடல் ஸ்பிளெண்டர். காலையில் ஷட்டரைத் திறப்பதும் நான்தான், கூலண்ட் மாற்றுவதும் நான்தான். இவர்களுக்கு முதலாளி நிற்காத இடத்தில் வேலை வேண்டும். அதற்குத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிரியாணி கொடுக்கப் போகிறார்கள். கையில் தொழில் இருக்கும்போது எதற்குக் கண்ணு அந்த அலைச்சல்?

ரெண்டாவது ஷிப்ட்:
சேர்ந்த இரண்டாம் நாள் ஆளிடம் ஆஃப்செட்டைத் தொட விட்டது யார்? நான் இரண்டு வருடம் விஎம்சி என்ற சிஎன்சி மில்லிங் மெஷின் ஓட்டியவன், முதல் மாதம் என்னை ஜாப் மாட்டி எடுக்க மட்டும்தான் விட்டார்கள். உங்கள் செட்டர் ஏன் இல்லை?

குறிச்சி பட்டறை:
லீவு.

கணபதி வைண்டிங்:
லீவா? உங்கள் செட்டர் ரெண்டு மாதமாக எங்கள் தெரு முக்குப் பட்டறையில் அல்லவா நிற்கிறார்.

குறிச்சி பட்டறை:
அவன் போனது வேறு காரணம். குடும்ப விஷயம். இதில் நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள்?

கணபதி வைண்டிங்:
தலையிடவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். நீங்கள் ‘ஒரு பொட்டு லீக் இல்லை’ என்று எனக்கு விற்ற கம்ப்ரசரைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினேன்.

ரெண்டாவது ஷிப்ட்:
கணக்கைப் போட்டுவிடுகிறேன். 15,000-ஐ 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 577. இரண்டரை நாளுக்கு 1,442. உங்கள் மூன்று இன்சர்ட் 1,050. நீங்கள் சொல்கிறபடியே கழித்தாலும் 392 ரூபாய் பாக்கி. கழிக்கலாமா என்பதே தனிக் கேள்வி, சேதத்துக்குப் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் அவனிடம் விளக்கம் கேட்க வேண்டும். வேலையை விட்டுப் போனவனுக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. ஷிப்ட் எத்தனை மணி நேரம் அண்ணா?

குறிச்சி பட்டறை:
எட்டிலிருந்து எட்டு. குறிச்சியில் எல்லாருக்கும் அப்படித்தான். சாப்பாடு, டீ கழித்தால் பதினொன்றுகூட வராது.

ரெண்டாவது ஷிப்ட்:
12 மணி நேரம்! இதை முதல் பதிவில் வடையோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 12 மணி நேர மசோதாவை நிறைவேற்றிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் மே 1-ஆம் தேதி திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். அரசாங்கமே பின்வாங்கியதைக் குறிச்சி பின்வாங்காமல் நடத்துகிறது. ஓடிக்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது.

குறிச்சி பட்டறை:
எங்களிடம் எட்டுப் பேர்தான். மின்சாரம் வைத்து ஓட்டினாலும் பத்துப் பேர் இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. படித்துவிட்டு வா.

கட்டிங் மாஸ்டர்:
சட்டம் நன்றாகவே தெரிந்திருக்கிறது சாருக்கு.

நோட்டீஸ் பீரியட்:
ஒரு நிமிடம், புதன் மதியம் போனான் என்றால் இரண்டரை நாள்தானா? காலை எட்டு முதல் ஒன்று வரை ஐந்து மணி நேரம். 12 மணி நேர ஷிப்டில் அது அரை நாள்கூட இல்லை.

ரெண்டாவது ஷிப்ட்:
மேடம், நீங்கள் உண்மையிலேயே ஹெச்ஆர்தான்.

ஓய்வூதியர்:
நாங்கள் சம்பள நாளுக்காகக் காத்திருந்து வாங்கினோம். மூன்று நாளில் ஓடியவனுக்குச் சம்பளம் எதற்கு என்பதுதான் சாமானியக் கேள்வி. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னபோது எல்லாரும் அவர்மீது பாய்ந்தீர்கள். அவர் சும்மா ஒன்றும் உயரவில்லை.

ரெண்டாவது ஷிப்ட்:
அவர் தன் கம்பெனிக்கு உழைத்தார் ஐயா, பங்கு அவர் பெயரில் இருந்தது. எல் அண்டு டி தலைவர் 2025 ஜனவரியில் 90 மணி நேரத்துக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்றார். விசுவாசம் விசுவாசம் என்கிறீர்கள். கோவையில் பங்கஜா மில், கம்போடியா மில், முருகன் மில் வாசலில் போய்க் கேளுங்கள், 2020 ஊரடங்கில் நிறுத்திய என்டிசி (மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகம்) ஆலைகள். அதில் இருந்தவர்கள் எல்லாம் பத்து இருபது வருடம் ஒரே இடத்தில் நின்றவர்கள்தான். நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் பூட்டியது. அங்கே இருந்தவர்களுக்கு யார் ‘செட் ஆகல’ என்று வாட்ஸாப் அனுப்பியது? எங்கள் வீட்டில் இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிறகு, முதல் நாளே முதலாளியைக் கும்பிடு என்றால் கை எழும்ப மாட்டேன் என்கிறது.

குறிச்சி பட்டறை:
நோக்கியாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் ஃபின்லாந்திலிருந்தா வந்தேன்? பெரிய கம்பெனி செய்ததற்கு எட்டுப் பேர் வைத்திருக்கிற என்மீது பழி. கொரோனாவில் நான்கு மாதம் ஒரு ஜாப் இல்லை, ஆளுக்குப் பாதிச் சம்பளம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், என் வீட்டுக்காரி வளையலை அடகு வைத்து. அப்போது இருந்தவர்களில் மூன்று பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது 45-க்கு மேல். அதைத்தான் சொல்ல வருகிறேன், அந்த வயதுக்காரன் நிற்கிறான், இந்த வயதுக்காரன் நிற்பதில்லை.

ரெண்டாவது ஷிப்ட்:
வளையல் விஷயத்தில் உங்களை மதிக்கிறேன், நிஜமாகவே. 45 வயதுக்காரன் நிற்பதற்குக் காரணம் விசுவாசமா, வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள் என்பதா, அவரையே கேளுங்கள். இரண்டரை நாள் சம்பளம்?

குறிச்சி பட்டறை:
அவன் கேட்கவில்லை!

ரெண்டாவது ஷிப்ட்:
மாஸ்டரிடம் சம்பளம் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை என்றீர்களே. அவனுக்கும் வரவில்லையோ என்னவோ.

குறிச்சி பட்டறை:
அக்கவுண்ட் நம்பர் கொடுக்கவில்லை. நேரில் வந்தால் வாங்கிக்கொள்ளட்டும், நான் என்ன ஓடியா போகிறேன்?

கட்டிங் மாஸ்டர்:
வாட்ஸாப் அனுப்பிய அதே நம்பருக்கு ஜிபே போகுமே சார்.

கணபதி வைண்டிங்:
சாரிடம் பணம் வாங்குவது பற்றி எனக்கு அனுபவம் உண்டு. கம்ப்ரசர் வால்வு மாற்ற 1,800 ஆனது, பாதி தருகிறேன் என்றார். ஒரு பொங்கல் போய் அடுத்த பொங்கல் வரப்போகிறது.

குறிச்சி பட்டறை:
கம்ப்ரசர் கொடுக்கும்போது ஓட்டிக் காட்டினேனா இல்லையா? நீங்கள் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் வால்வு போகத்தான் செய்யும். பொது இடத்தில் என் பெயரைக் கெடுக்காதீர்கள். பில் இருக்கிறது, தேடிப் போடுகிறேன்.

கணபதி வைண்டிங்:
போடுங்கள். ஆயில் மாற்றிய தேதி என் நோட்டில் இருக்கிறது, நானும் போடுகிறேன்.

ஓய்வூதியர்:
தலைப்பு எங்கேயோ போய்விட்டது. இதற்குத்தான் நான் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

புது ஆள் 07:
வணக்கம் சார். டிப்ளமோ மெக்கானிக்கல், சிஎன்சி மெஷினில் ஃபனுக் கன்ட்ரோலில் ஒன்றரை வருடப் பழக்கம். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா?

குறிச்சி பட்டறை:
எந்த ஊர் தம்பி? இதற்கு முன்னால் எத்தனை இடம்? இன்பாக்ஸில் வா, இங்கே வேண்டாம்.

ரெண்டாவது ஷிப்ட்:
தம்பி, சாப்பாட்டு நேரம் எத்தனை நிமிடம் என்று முதலில் கேட்டுக்கொள்.

குறிச்சி பட்டறை:
உன் வேலையைப் பார். கணபதிக்காரரே, வால்வுக்கு 1,800 என்கிறீர்களே, எந்தக் கடையில்? காந்திபுரத்தில் ஒரிஜினலே 1,100-தான்.